மாரம்மாவுக்கு ஒட்டிய நோட்டீஸ்

"அறிவிப்பு ஒட்டப்பட்ட நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் ஆட்சேபணை எதுவும் வரப்பெறாவிட்டால், ஆட்சேபணை இல்லை என்றே கருதி மேல்நடவடிக்கை எடுக்கப்படும்."

இந்த வாக்கியத்தைப் பணிக்காலத்தில் எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே தெரியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதன் சிறப்பு, ஒன்றும் செய்யாமல் இருப்பதையே ஒரு செயலாக மாற்றிவிடுவதுதான். வெளியூர் போயிருந்தவர், எழுத்துத் தெரியாதவர், நோட்டீஸை மாடு தின்றுவிட்டது என்பவர் எல்லோரும் பதினாறாம் நாள் காலையில் சம்மதித்தவர்களாகவே கண் விழிப்பார்கள்.

இந்த விதி கச்சிதமாகப் பொருந்தியிருக்க வேண்டிய ஓர் இடத்தில் அது செல்லாமல் போன கதை இது. என் சர்வீஸின் கடைசி ஐந்து மாதங்களில் நடந்தது. அப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்தில் துணை வட்டாட்சியராக இருந்தேன்.

மஞ்சள் ஒட்டிய காகிதம்

ஐப்பசித் தூறல். திங்கட்கிழமை, அதாவது மனு வாங்கும் நாள். வரிசையில் நின்ற ஒரு பெண்மணி முறை வந்ததும் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பிரித்து உள்ளேயிருந்த காகிதத்தை இரண்டு கைகளாலும் நீட்டினார். கோயிலில் பிரசாதம் வாங்குகிறவர் கை எப்படி இருக்குமோ அப்படி. காகிதம் ஈரமாக இருந்தது. ஓரமெல்லாம் மஞ்சளும் குங்குமமும். கீழே என் கையெழுத்து.

வெங்கடம்மா என்று பெயர். வயது ஐம்பதைத் தொட்டிருக்கலாம். ஒரு தொழிற்சாலையில் ஹவுஸ்கீப்பிங் வேலை. அந்த நீலச் சட்டையைப் புடவைக்கு மேலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தார். அம்மாவும் பாட்டனும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், அலுவலகத்தில் தமிழ். எங்கள் பக்கத்தில் இது ஒரு தகுதியாகவே கணக்கில் வராது.

விஷயம் இதுதான். ராயக்கோட்டைச் சாலையிலிருந்து தொழிற்சாலைகளுக்குப் பிரியும் கிளைச் சாலையில் ஒரு மோசமான வளைவு. வளைவின் உள்பக்கம் ஒரு புளியமரம், அதன் அடியில் மூன்றடி உயரத்தில் ஒரு கல். மாரம்மா. கூரை கிடையாது, சுவர் கிடையாது, உண்டியலும் கிடையாது. மரமும் கல்லும் மறைப்பதால் எதிரே வரும் வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். ஷிப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். சாலையை அகலப்படுத்த உத்தரவாகிவிட்டது. மரத்தின் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிட்டு, கல்லை முப்பதடி தள்ளி வைக்க வேண்டும். அதற்குத்தான் நோட்டீஸ்.

நோட்டீஸை "அவ்விடத்தில் எளிதில் பார்வையில் படும் பகுதியில்" ஒட்ட வேண்டும் என்பது விதி. கிராம உதவியாளர் கிருஷ்ணப்பா அதைக் கல்லின் மேலேயே ஒட்டிவிட்டு வந்துவிட்டார். மரத்தில் ஒட்டக்கூடாதா என்று கேட்டேன். மரம் ஈரமாக இருந்தது, பசை நிற்கவில்லை என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்த இடத்துல பார்வையில படுறது அவ ஒருத்திதானுங்க சார்" என்றார். முப்பது வருடத்தில் ஒரு விதியை இவ்வளவு நேர்மையாகப் பின்பற்றிய ஊழியரை நான் பார்த்ததில்லை. மெமோ கொடுக்க மனம் வரவில்லை.

நான் ஆக்கிரமிப்புக் கல்லுக்கு நோட்டீஸ் கொடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் அதை வேறு மாதிரி படித்திருந்தது. சர்க்கார் மாரம்மாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறது. ஆட்சேபணை உண்டா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறது. கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா?

"அவளைக் கேட்டுத்தான் சார் சொல்லணும். கொஞ்சம் டைம் குடுங்க" என்றார் வெங்கடம்மா.

"அதுதான் பதினஞ்சு நாள் இருக்குதேம்மா."

"அது நமக்கு சார். அவளுக்கு எத்தனை நாளுன்னு நாம எப்படிச் சொல்றது?"

பக்கத்து மேஜைக்காரர், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தால் சிக்கல் இருந்திருக்காது என்றார். அறையே சிரித்தது. வெங்கடம்மாவும் சிரித்தார். சிரித்துவிட்டு நகராமல் நின்றார்.

எங்கள் வீட்டுச் சமரசம்

இந்த இடத்தில் என் நிலைமையைச் சொல்லிவிட வேண்டும். இந்தத் தொடரில் சென்ற வார அத்தியாயத்தைப் படித்த ஒரு வாசகர், "உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா, இல்லையா?" என்று ஒரே வரியில் கேட்டு எழுதியிருந்தார். ஒரே வரியில் பதில் சொல்லிப் பழக்கமில்லாத துறையிலிருந்து வந்தவன் நான்.

என் மனைவி எனக்குப் பதவி உயர்வு வேண்டி மலைக்கோயிலுக்கு ஒன்பது வெள்ளிக்கிழமை படியேறினாள். ஒன்பதாவது வாரம் உத்தரவு வந்தது. பணிமூப்புப் பட்டியலில் என் பெயருக்கு மேலே இருந்தவர் ஓய்வு பெற்றதால் வந்தது என்பது எனக்குத் தெரியும். அவள் சாமிக்கு நன்றி சொன்னாள். நான் அந்த மேலே இருந்தவருக்கு நன்றி சொன்னேன். பொங்கலை இருவரும் சாப்பிட்டோம். கடவுள் விஷயத்தில் எங்கள் வீட்டில் இருந்த கருத்து வேறுபாடு அவ்வளவுதான்.

பக்தி என்பது ஒருவகை மனு என்றுதான் நான் நினைத்திருந்தேன். வேண்டியதைக் கேட்பது, கிடைத்தால் மொட்டை, கிடைக்காவிட்டால் வேறு கோயில். மேல்முறையீட்டுக்கு இவ்வளவு வசதி எந்தத் துறையிலும் கிடையாது.

ஒரே ஒருமுறை கொஞ்சம் தடுமாறியிருக்கிறேன். ராயக்கோட்டையில் பணியிலிருந்த காலம். தக்காளி விலை விழுந்து, கூடைகளை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு விவசாயி கொட்டுவதற்கு முன்னால் உட்கார்ந்து நல்ல பழமாகப் பொறுக்கித் துண்டில் கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கா என்று கேட்டேன். கோயிலுக்கு என்றார். இந்த நிலைமையிலுமா என்றேன். "அவரு எங்கிட்ட என்னிக்கும் விலை பேசினதில்லையே சார்" என்றார். பதில் இல்லாத விஷயங்களை ஒரு தனிக் கட்டாகக் கட்டி அலமாரியின் மேல்தட்டில் வைப்பது எங்கள் அலுவலக வழக்கம். அப்படியே வைத்துவிட்டேன்.

பூக் கேட்பது

செவ்வாய்க்கிழமை காலை நேரில் போனேன். இடப் பார்வை என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனேன். உண்மையில் வேடிக்கை பார்க்கத்தான்.

வெங்கடம்மா கல்லைக் கழுவி மஞ்சள் பூசியிருந்தார். ஈரம் காயும் முன் ஒரு செவ்வரளிப் பூவைக் கல்லின் வலது தோளில் வைத்து விரலால் அழுத்தினார். இன்னொன்றை இடது தோளில். தோள் என்று சொல்கிறேனே தவிர அது கல்லின் இரண்டு சரிவுகள்தான். எதிரே ஒரு அகல். அகலில் எண்ணெய் தீர்வதற்குள் வலப்பக்கப் பூ விழுந்தால் சம்மதம். இடப்பக்கப் பூ விழுந்தால் சம்மதமில்லை. இரண்டும் அப்படியே இருந்தால் அன்றைக்குப் பதில் இல்லை. அடுத்த செவ்வாய் மறுபடி கேட்க வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம், கிணறு, வீடு எதற்கும் இப்படிக் கேட்கிறவர்கள் உண்டு.

ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். கம்பெனி பஸ்கள் அதிர்ந்துகொண்டு போயின. பூக்கள் அசையவில்லை. அகல் அணைந்தது.

சாலைக் காண்ட்ராக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஜேசிபியை வாடகைக்கு எடுத்துவிட்டு அது சும்மா நிற்பதைப் பார்த்து வயிறு எரிந்துகொண்டிருந்தவர். இரண்டாவது செவ்வாய் என் காதருகே வந்து, "ஸார், வலது பக்கம் ஒரு ஊது ஊதினா போதும். சாமி குத்தம் வந்தா என் தலையில வரட்டும்" என்றார். அது வெங்கடம்மா காதிலும் விழுந்தது.

"ஊதுங்கண்ணா" என்றார் அவர். "பூ விழும். ஆனா அது உங்க பதில்தானே? உங்களை யாரு கேட்டா?"

மூன்றாவது செவ்வாயும் பூ விழவில்லை. பதினைந்து நாள் கெடு அதற்கு முன்பே முடிந்திருந்தது.

நான் தப்பாகப் படித்தது

அதுவரை நான் ஒன்றை நிச்சயமாக நம்பியிருந்தேன். வெங்கடம்மா கல்லைக் காப்பாற்றத்தான் நாள் கடத்துகிறார். பூ ஒரு தந்திரம். கோர்ட்டில் வாய்தா வாங்குவது மாதிரி. தந்திரத்தை மதிக்கத் தெரிந்தவன் என்பதால் எனக்கு அதில் கோபமில்லை.

மூன்றாவது செவ்வாய் பூஜை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அவர் மரத்தில் சாத்தியிருந்த ஒரு கம்பை எடுத்தார். நுனியில் பழைய சிவப்புப் புடவைத் துணி. வளைவின் முனையில் போய் நின்றார். ஒரு பக்கத்து வண்டிகளை நிறுத்தி மறுபக்கத்தை விட்டார். பிறகு இதை நிறுத்தி அதை விட்டார். டிரைவர்கள் பழகியவர்கள் போல நின்று போனார்கள். கடைசியாக வந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு பெண் கையசைத்தாள். வெங்கடம்மா கொடியை ஆட்டினார்.

"அது யாரு?" என்று கேட்டேன்.

"மஞ்சுளா. எம் பொண்ணு."

மஞ்சுளா போன வருடம் இதே வளைவில் ஸ்கூட்டியில் வரும்போது எதிரே வந்த வேன் மோதி விழுந்தவள். காலில் பிளேட் வைத்திருக்கிறது. ஆறு மாதம் படுக்கையில் கிடந்து எழுந்து மறுபடியும் அதே வேலைக்குப் போகிறாள். இப்போது பஸ்ஸில். அவள் எழுந்த நாளிலிருந்து, காலையும் மாலையும் ஷிப்ட் மாறும் நேரத்தில் வெங்கடம்மா இங்கே கொடி பிடிக்கிறார். தன் வேலை நேரத்தை அதற்கேற்ப மாற்றி வாங்கியிருக்கிறார். சாலையை அகலப்படுத்தச் சொல்லி முதன்முதலில் மனு கொடுத்ததும் அவர்தானாம். அலுவலகம் திரும்பிக் கோப்பைப் புரட்டினேன். அடியில் இருந்தது. கைநாட்டு இல்லை, கையெழுத்து. நான்தான் பார்க்கவில்லை.

ஆக, இந்தக் கல் நகர வேண்டும் என்று இந்த ஊரில் எல்லோரையும் விட அதிகமாக விரும்பியவர் அவர். வலது பூ விழ வேண்டும் என்று வாரா வாரம் நின்றவர். ஊதினால் விழும் தூரத்தில் நின்றவர்.

அடுத்த நாள் மறுபடி போனேன். இந்த முறை பதிவேட்டில் எதுவும் எழுதவில்லை.

"பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்கலாமேம்மா. எங்க சட்டத்துல அப்படித்தான்" என்றேன்.

"பதில் வரலைன்னா பதில் வரலைன்னுதானே சார் அர்த்தம்?"

"சரி, இடது பூ விழுந்துட்டா?"

"அப்ப வேண்டாம்னு சொல்லிட்டா. நான் இருக்கிற வரைக்கும் இங்க கொடி புடிப்பேன்."

"அவதானே மஞ்சுளாவைக் காப்பாத்தாம விட்டா? அவளைப் போய் கேட்டுக்கிட்டு நிக்கிறியேம்மா."

இதைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. அந்தக் கேள்வியை என்னைவிட அதிகமான நாட்கள் வைத்திருந்தவர் போலச் சொன்னார்:

"அதையும் கேட்டேன் சார். ஆஸ்பத்திரியில இருந்து வந்து இவ முன்னாடி நின்னு கண்டபடி திட்டியிருக்கேன். அதுக்கும் பதில் வரலை. அதுக்காக நானே ஒரு பதிலைச் சொல்லிட்டு அவ சொன்னான்னு சொல்ல முடியுமா?"

நாங்கள் ஆட்சேபணை கேட்பது முடிவெடுத்த பிறகு. நோட்டீஸ் ஒட்டும்போதே ஜேசிபிக்குச் சொல்லி வைத்திருப்போம். பதில் என்னவென்று தெரியாமல், எந்தப் பதில் வந்தாலும் ஏற்பேன் என்று ஒரு கேள்வியை நான் என் வாழ்நாளில் யாரிடமும் கேட்டதில்லை. வெங்கடம்மா வாரந்தோறும் கேட்டார். பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காரவும் இல்லை. பக்தி என்றால் பயம், பேராசை, பழக்கம் என்று மூன்று தலைப்புகளில் நான் வகைப்படுத்தி வைத்திருந்தேன். இவரை எந்தத் தலைப்பின் கீழும் கோக்க முடியவில்லை.

எதிர்மனுதாரர் யார்?

கோப்பில் "நோட்டீஸ் சார்வு செய்யப்பட்டது. எதிர்மனுதாரரின் பதில் நிலுவையில் உள்ளது" என்று எழுதினேன். இரண்டு வாரத்தில் மேலிடத்திலிருந்து குறிப்பாணை வந்தது. எதிர்மனுதாரர் யார், ஏன் தாமதம், உடன் விளக்கம் தருக.

நான் விளக்கம் எழுதினேன். எதிர்மனுதாரர் மேற்படி தெய்வம். தெய்வம் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர், அதுவும் என்றென்றும் மைனர். மைனருக்கு எதிராகக் காலக்கெடு ஓடுமா என்பது பற்றி மேலான அறிவுரை வேண்டப்படுகிறது. இந்த வாதம் எந்தக் கோர்ட்டிலும் அரைமணி நேரம் நிற்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இப்படி ஒரு சந்தேகம் எழுந்த கோப்பை எந்த அதிகாரியும் தன் மேஜையில் வைத்துக்கொள்ள மாட்டார் என்பதும் தெரியும். கோப்பு எங்கோ சட்டப் பிரிவுக்குப் போனது. இடைக்காலமாக அந்த வளைவில் இரண்டு வேகத்தடையும், எதிரே வரும் வண்டியைக் காட்டும் ஒரு குவியாடிக் கண்ணாடியும் வைக்க அனுமதி கேட்டிருந்தேன். அதற்கும் பதில் வரவில்லை. பதில் வராததால் ஆட்சேபணை இல்லை என்று கருதி, காண்ட்ராக்டரைக் கொண்டு இரண்டையும் வைத்துவிட்டேன். விதி எல்லோருக்கும் பொதுதானே.

கண்ணாடி வந்த பிறகும் வெங்கடம்மா கொடியை விடவில்லை. கண்ணாடியில் மஞ்சுளாவின் பஸ் கொஞ்சம் முன்னதாகவே தெரிகிறது என்று மட்டும் சொன்னார்.

கார்த்திகை, மார்கழி, தை போயிற்று. மாசியில் நான் ஓய்வு பெற்றேன். சால்வை போர்த்தினார்கள். விழாவில் பேசியவர்களில் ஒருவர், கடவுளுக்கே நோட்டீஸ் கொடுத்தவர் என்று என்னைப் புகழ்ந்தார். கைதட்டல் பலமாக இருந்தது. மாரம்மா பதில் சொல்லவில்லை.

கொடி

ஓய்வு பெற்றவனுக்குச் செவ்வாய்க்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் வித்தியாசம் இல்லை. ஆனாலும் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் எழுந்து பஸ் பிடித்து அந்த வளைவில் போய் இறங்கினேன்.

வேடிக்கை பார்க்க இப்போது யாரும் வருவதில்லை. வெங்கடம்மா தனியாகக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். புளியமரம் துளிர்விட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"சும்மாதானே நிக்கிறீங்க சார், இதைக் கொஞ்சம் புடிங்க" என்று கொடியைக் கொடுத்தார். "பூ வெச்சுட்டு வந்துடறேன். பஸ்ஸு வர்ற நேரம்."

துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் பழைய புடவைத் துணியைத் தூக்கிக்கொண்டு வளைவின் முனையில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் பஸ்கள் வந்தன. கொடியை உயர்த்தினேன். முதல் பஸ் நின்றது. பின்னால் ஒவ்வொன்றாக நின்றன. எதிர்ப்பக்கம் ஒரு லாரியையும் நிறுத்தினேன். யாரை எப்போது விடுவது என்று எனக்குத் தெரியவில்லை. எல்லோரையும் நிறுத்திவைத்துவிட்டேன்.

"என்ன சார், ரிடையர் ஆனதும் வேற போஸ்டிங்கா?" என்றார் முன் பஸ் டிரைவர். என்னை அடையாளம் தெரிந்திருக்கிறது. என்ஜினை அணைத்தார். பின்னால் இருந்தவர்களும் அணைத்தார்கள். அந்தச் சாலையில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதில்லை. எங்கோ ஒரு மைனா கத்தியது.

என் முதுகுக்குப் பின்னால் அகல் எரிந்துகொண்டிருந்தது. நான் திரும்பவில்லை. திரும்பினால் லாரிக்காரர் கிளப்பிவிடுவார்.

பிறகு வெங்கடம்மா வந்து என் கையிலிருந்து கொடியை வாங்கினார். முறைப்படி பஸ்களை ஒரு பக்கமாக விட்டார். மூன்றாவது பஸ்ஸில் மஞ்சுளா போனாள். கடைசி வண்டியும் வளைவைத் தாண்டிய பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"குடுத்துட்டா சார்."

"எந்தப் பக்கம்?"

"சோத்துக்கைப் பக்கம்."

முந்தானையை விரித்துக் காட்டினார். இரண்டு பூக்களும் அதில் இருந்தன. பதில் வந்ததும் இரண்டையும் எடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கல் வெறுமையாக, ஈரமாக நின்றது. எந்தப் பூ எந்தப் பக்கத்துப் பூ என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு சாட்சிகளின் கையெழுத்து இல்லாமல் ஒரு தென்னைமரம் இருப்பதைக்கூட ஒப்புக்கொள்ளாதவன் நான். வேறு யாராவது பார்த்தார்களா என்ற கேள்வி வாய் வரைக்கும் வந்தது. ஐந்து மாதமாக ஊதினால் விழும் தூரத்தில் நின்ற அந்த முகத்தைப் பார்த்தேன். அவர் கண் நிறைந்திருந்தது. சந்தோஷம் மட்டும் என்று சொல்லமாட்டேன். அந்த மரத்தடியில் இனி கல் இருக்காது என்பதும் அதே பதிலில்தானே வந்திருக்கிறது.

நான் கேட்கவில்லை.

அங்கேயே நின்று, என் இடத்துக்கு வந்திருப்பவரைப் போனில் கூப்பிட்டேன். அந்தக் கோப்பில் பதில் வந்துவிட்டது, ஆட்சேபணை இல்லை, வேலையைத் தொடங்கலாம் என்றேன். சின்ன வயதுக்காரர், ஒழுங்கானவர். நான் பார்த்தேனா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றேன். அப்படியானால் எப்படித் தெரியும் என்றார். தெரியும் என்றேன்.

மறுமுனையில் காகிதம் புரளும் ஒலி.

"சரிங்க சார். பதில் வரப்பெற்ற நாள்னு என்ன போட்டுக்கட்டும்?"

பங்குனி மாதம், இரண்டாம் செவ்வாய்க்கிழமை.